இசை மேஜரா, மைனரா? இரண்டு பெஞ்சிலும் உட்கார்ந்தவள் சொல்வது

"ஆரபி பாடு" என்றார் தேர்வாளர். பாடினேன். "சரி, இப்போ தேவகாந்தாரி." அதையும் பாடினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "முதல்ல பாடினதையே கொஞ்சம் மெதுவாப் பாடியிருக்கேம்மா."

இதில் வேடிக்கை, முந்தைய வாரம்தான் எழுத்துத் தேர்வில் இந்த இரண்டு ராகங்களின் வித்தியாசத்தை ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதியிருந்தேன். இரண்டும் 29-வது மேளமான (தாய் ராகமான) தீரசங்கராபரணத்தின் ஜன்யங்கள், அதாவது அதிலிருந்து பிறந்தவை. இரண்டுக்கும் ஆரோகணம் (ஏறு வரிசை) ஸரிமபதஸ, அவரோகணம் (இறங்கு வரிசை) ஸநிதபமகரிஸ. ஆரபி விறுவிறுவென்று, அசைவு குறைவாக, காந்தாரத்தையும் (க) நிஷாதத்தையும் (நி) தொட்டும் தொடாமலும் ஓடும். தேவகாந்தாரி நின்று, நீட்டி, கமகத்தோடு (சுரத்தை அசைத்து) வரும். எல்லாம் சரியாக எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். தேவகாந்தாரியைப் பற்றித்தான் எனக்குத் தெரியும், தேவகாந்தாரி தெரியாது என்பது அந்த அறையில்தான் எனக்குப் புரிந்தது.

அப்போது இசை எனக்குத் துணைப்பாடம், அதாவது மைனர். மேஜர் இயற்பியல். அடுத்த வருஷம் இயற்பியலை விட்டுவிட்டு இசையை மேஜராக எடுத்து மறுபடியும் முதலாம் ஆண்டில் போய் உட்கார்ந்தேன். ஒரு வருஷம் கையை விட்டுப் போனது, ஆனால் இரண்டு பெஞ்சிலும் உட்கார்ந்து பார்த்த அனுபவம் கிடைத்தது. இப்போது பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளி முடிக்கப்போகும் பிள்ளைகளும் அவர்களைவிட அதிகமாக அவர்களின் அப்பா அம்மாக்களும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: மேஜரா, மைனரா? என் பதிலை ஒரு வரியில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளம்.

முதலில் மைனரைப் பற்றி. ஒன்பது வருஷம் வீட்டுக்கு அருகில் ஒரு டீச்சரிடம் பாட்டுக் கற்றிருந்தேன். கல்லூரிக்குப் போகும் நேரத்தில், "பாட்டு எங்கேயும் ஓடிப்போகாது, முதல்ல ஒரு டிகிரிய முடி" என்றார் அம்மா. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வாரத்துக்கு நான்கு மணி நேரம் இசை: இரண்டு மணி செய்முறை, இரண்டு மணி தியரி. ஒரு பருவத்துக்கு ஒரு வர்ணம் (பயிற்சிக்கும் உதவும் பாட்டு வகை), மூன்று கிருதி (கச்சேரிப் பாட்டு), தியரியில் 35 தாளம், 72 மேளகர்த்தா. கேட்கக் கொஞ்சமாக இருந்தாலும், இயற்பியல் ஆய்வகக் குறிப்பேடுகளுக்கு நடுவே அந்த நான்கு மணி நேரம் ஜன்னல் திறந்தது போல இருக்கும். மதிப்பெண்ணில் அதன் பங்கு சிறியது என்பதால் பயமும் இல்லை. தப்பாகப் பாடினால் சிரித்துக்கொள்வோம்.

ஆனால் அந்த வகுப்பில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. நாங்கள் இருபதுக்கு மேற்பட்டவர்கள், பையன்களும் பெண்களுமாக, ஒரே சுருதியில் சேர்ந்து பாடினோம். சுருதியின் உயரத்தைக் கட்டை என்று சொல்வோம். ஆண் குரலுக்குச் சாதாரணமாக 1 கட்டையிலிருந்து 2 கட்டை வரை, அதாவது மேற்கத்தியக் கணக்கில் 'சி'யிலிருந்து 'டி' வரை, வசதியாக இருக்கும். பெண் குரலுக்கு 5, 5½ கட்டை: 'ஜி', 'ஜி ஷார்ப்'. இந்த இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்றை வைத்தால் யாருக்குமே சரியாக இருக்காது. எனக்கு மந்த்ர (கீழ்) ஸ்தாயியில் குரல் மண்ணுக்குள் போய்விடும், பக்கத்திலிருந்த பையன் தார ஸட்ஜத்தில் (மேல் ஸ-வில்) கழுத்து நரம்பு புடைக்க நிற்பான். ஒரு வருஷம் முழுக்க என் சுருதியில் இல்லாமலேயே பாடியிருக்கிறேன். கல்லூரியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: கட்டடத்தைப் பார்க்காதீர்கள், செய்முறை வகுப்பில் அரைமணி நேரம் பின்னால் உட்கார அனுமதி கேளுங்கள். ஆண், பெண் குரல்களுக்குத் தனி வகுப்பா? ஒரு மாணவரைத் தனியாகப் பாடச் சொல்லிக் கேட்கிறார்களா, எத்தனை நிமிடம்? சாயங்காலம் சாதக (பயிற்சி) அறை திறந்திருக்குமா, பூட்டிச் சாவி அலுவலகத்துக்குப் போய்விடுமா? இந்த மூன்றுக்கும் கிடைக்கும் பதில் பாடத்திட்டப் புத்தகத்தைவிட அதிகம் சொல்லும்.

என்னை மேஜர் பக்கம் தள்ளியது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், இயற்பியல்தான்.

ஒலியியல் ஆய்வகத்தில் இரண்டு இசைக்கவைகளை ஒன்றாக அடித்து விம்மல் எண்ணச் சொல்வார்கள். ஒன்று 256 ஹெர்ட்ஸ், இன்னொன்று 260 என்றால் நொடிக்கு நான்கு தடவை ஒலி பெருத்துச் சிறுக்கும். நான்கு குறைந்து மூன்றாகி, இரண்டாகி, கடைசியில் விம்மலே இல்லாமல் போனால் இரண்டும் ஒன்று. அன்று சாயங்காலம் இசை வகுப்பில் சார் தம்பூரா சேர்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நடுத் தந்திகளையும் மாறி மாறி மீட்டி, காதை அருகில் வைத்து, மணியை ஒரு நூலளவு நகர்த்தினார். அந்த விம்மல் மெதுவாகி மெதுவாகி நின்றது. காலையில் கடிகாரம் வைத்து எண்ணியதை இவர் எண்ணாமலே செய்கிறார்.

அப்புறம் அந்தக் காந்தாரக் கதை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே கீபோர்டை வைத்துப் பாடிப் பழக்கம். சங்கராபரணத்தில் காந்தாரத்தில் கார்வை கொடுத்து, அதாவது நீட்டி நின்றேன். "கூடியிருக்கு" (சுருதி ஏறியிருக்கிறது) என்றார் சார். கொஞ்சம் இறக்கினேன். "இன்னும் கூடியிருக்கு." எனக்குக் கோபம். கீபோர்டில் அந்தக் கட்டையை அழுத்திப் பார்த்தேன், நான் பாடியது அதனோடு அச்சாகப் பொருந்தியது. "சார், இதுல சரியாத்தானே இருக்கு?" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தம்பூராவின் கடைசித் தந்தியை, மந்த்ர ஸட்ஜத்தை மட்டும் திரும்பத் திரும்ப மீட்டினார். "என்ன கேக்குது?" ஸட்ஜம்தான் கேட்டது. "இன்னும் கேளு." ஐந்து நிமிடம் இருக்கும். ஸட்ஜத்துக்கு உள்ளேயிருந்து, மேலே எங்கோ, மெல்லிய நூலாக ஒரு காந்தாரம் தனியாகப் பாடிக்கொண்டிருந்தது. நான் பாடிய காந்தாரத்தைவிட அது சற்றுத் தாழ்ந்திருந்தது.

இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு தந்தி அதிரும்போது அதன் அடிப்படை அதிர்வெண்ணின் 2, 3, 4, 5 மடங்குகளும் சேர்ந்தே ஒலிக்கின்றன. ஐந்தாவது மடங்குதான் சங்கராபரணத்தில் வரும் அந்த அந்தர காந்தாரம். அதை ஸ்தாயிக்குள் இறக்கினால் ஸட்ஜத்துக்கு 5/4 விகிதம், ஸ்தாயியை 1200 பங்காக்கும் செண்ட் கணக்கில் சுமார் 386. கீபோர்டில் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகமாக வெட்டியிருப்பதால் அதே காந்தாரம் 400-ல் நிற்கிறது. 14 செண்ட் வித்தியாசம். பஞ்சமத்தில் இரண்டே செண்ட்தான் வித்தியாசம், அது யார் காதிலும் உறுத்தாது. காந்தாரத்தில் உறுத்தும். ஒன்பது வருஷமாக நான் கட்டைக்குப் பாடியிருக்கிறேன், தந்திக்குப் பாடவில்லை. இன்று வரை என் மாணவர்களுக்கு நான் வைக்கும் முதல் விதி அதிலிருந்து வந்ததுதான்: சாதகத்துக்குக் கீபோர்டு வேண்டாம், தம்பூரா வேண்டும். செயலியில் வரும் தம்பூராவும் பரவாயில்லை, ஆனால் அலைபேசி ஒலிபெருக்கியில் கீழ் ஸட்ஜமே கேட்காது. நல்ல ஹெட்போனில் ஒரு காதை மட்டும் மூடிக்கொண்டு கேளுங்கள், இன்னொரு காது உங்கள் குரலுக்கு.

அந்த வாரமே மாறிவிட்டேன் என்றால் சினிமா மாதிரி இருக்கும். ஐந்து மாதம் ஆனது. ஒரு மாதம் ஒரு நோட்டில் ஒவ்வொரு நாளும் என்ன செய்தேன் என்று எழுதிவைத்தேன், எனக்கே நிரூபித்துக்கொள்ள. இயற்பியலுக்கு உட்கார்ந்த நேரத்தில் பாதி, பாட்டில் போயிருந்தது. பாட்டுக்கு உட்கார்ந்த நேரத்தில் ஒரு நிமிடம்கூட இயற்பியலில் போகவில்லை. திறமை இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டே இருந்தால் முடிவே வராது, ஏனென்றால் நம் திறமையை அளக்க நம்மிடம் அளவுகோல் இல்லை. நேரம் எங்கே தானாக ஓடுகிறது என்பதை எழுதிப் பார்த்துவிடலாம். அம்மாவிடம் அந்த நோட்டைத்தான் காட்டினேன். படித்துவிட்டு, "இத முன்னாடியே காட்டியிருந்தா ஒரு வருஷம் மிச்சமாயிருக்கும்ல" என்றார்.

மேஜர் நுழைவுக்குப் பாட்டுத் தேர்வு உண்டு. நான் ஏழெட்டு கிருதிகளைத் தயார் செய்துகொண்டு போனேன். கேட்டது ஒரு வர்ணம், இரண்டு காலத்தில் (வேகத்தில்). ஒரே ஒரு கிருதியில் பல்லவி, அனுபல்லவி. மீதி நேரமெல்லாம், "நான் பாடுவதைத் திருப்பிப் பாடு" என்று சின்னச் சின்னப் பிரயோகங்கள். தெரிந்த ராகம், தெரியாத ராகம் எல்லாம். தயாராவதற்கு என்னிடம் வருகிறவர்களை இப்போது உருப்படிகளைக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அந்த நேரத்தில், கேட்டதைத் திருப்பிப் பாடும் பழக்கத்தையும், நடுவில் நிறுத்திவிட்டு எடுப்புக்கு (பாட்டு ஆரம்பிக்கும் தாள இடத்துக்கு) சரியாக வந்து சேரும் பழக்கத்தையும் வளர்த்துக்கொள்ளலாம்.

மேஜரின் முதல் ஆறு மாதம் கசப்பு. கற்ற வர்ணங்களையே திரும்ப எடுத்து, ஒவ்வொரு சங்கதியாக (ஒரே வரியைப் பாடும் வெவ்வேறு விதமாக) அவிழ்த்தார்கள். "யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டால் அழுகை வரும், என் பழைய டீச்சரைக் குறை சொல்கிற மாதிரி இருக்கும். பிறகுதான் புரிந்தது, பாடாந்தரம் (குருவழி வரும் பாடும் முறை) வேறு, தவறு வேறு. என் டீச்சர் சொன்ன சங்கதி தவறில்லை, வேறு வழி. என் காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்) ஓடியதுதான் தவறு, அது டீச்சரிடமிருந்து வந்ததில்லை, என்னுடையதே.

வாய்ப்பாட்டு மாணவர்கள் எல்லாரும் துணைக் கருவியாக வீணை எடுக்கவேண்டும் என்றார்கள். நேரத்தை வீணாக்குகிறார்கள் என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருத்தி. வீணையில் விரல் வைக்கும் மெட்டு (கம்பிக்குக் கீழுள்ள உலோகப் படி) 24, வாசிக்க நான்கு தந்தி, பக்கத்தில் மூன்று தாளத் தந்தி. இடதுகை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் முதல் மாதம் கோடு கோடாக வெட்டு விழும். தோடி ராகத்தின் காந்தாரத்தைத் தந்தியை இழுத்து எடுத்த அன்றுதான் கமகம் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. அந்தக் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டேயிருக்கிறது. தொண்டையில் குத்துமதிப்பாகச் செய்துவந்ததை விரல் துல்லியமாகக் காட்டிக்கொடுத்துவிட்டது. துணைக் கருவி வேண்டுமா என்று தேர்வு கொடுத்தால், தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். மிருதங்கம் கிடைத்தாலும் நல்லதுதான், தாளம் உடம்பில் ஏறும்.

தியரியை மைனரில் மனப்பாடம் செய்தேன், மேஜரில் அதோடு சண்டை போட்டேன். உதாரணமாக கடபயாதி. மேளத்தின் பெயரில் முதல் இரண்டு எழுத்துகளுக்கு எண் போட்டு, திருப்பிப் போட்டால் மேள எண் வரும். 'மேசகல்யாணி': ம 5, ச 6, திருப்பினால் 65. அழகாக வருகிறதா? 'தீரசங்கராபரணம்' என்று வரும்போது தமிழில் படிக்கிறவர்களுக்குத் தலைவலி ஆரம்பம். வடமொழியில் த நான்கு, நான்குக்கும் நான்கு எண்கள்: 6, 7, 8, 9. நமக்கு ஒரே 'த'. 'தீர' என்பதில் இருப்பது நான்காவது 'த' என்று தெரிந்தால்தான் 9, ர 2, திருப்பினால் 29. நான் நோட்டில் ஒவ்வொரு 'த'வுக்கும் தலையில் எண் போட்டு வைத்திருந்தேன். தமிழ் எழுத்தில் படித்தால் இதைச் செய்யுங்கள், பிற்பாடு நேரம் மிச்சம்.

இன்னொன்று, சுரம் எழுதுவது. ஒரு கிருதியைச் சுரப்படுத்தி எழுதச் சொன்னால் ஆரம்பத்தில் எல்லாரும் எலும்புக்கூட்டைத்தான் எழுதுவோம். சுப்பராம தீட்சிதர் 1904-ல் எட்டயபுரத்திலிருந்து வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியை நூலகத்தில் முதன்முதலாகத் திறந்தபோது திகைத்துப்போனேன். ஒவ்வொரு வகைக் கமகத்துக்கும் தனிக் குறியீடு, சுரத்தின் தலையில் பொடிப்பொடியாக. நாங்கள் வகுப்பில் பாடும் ஒரு கிருதியை அதில் பார்த்தால் அங்கங்கே வேறு மாதிரி இருந்தது. எது சரி என்று கேட்டேன். "ரெண்டையும் பாடிப் பாரு, அப்புறம் பேசலாம்" என்றார் சார். மேஜர் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இந்தப் பதிலைத்தான் நினைத்துக்கொள்வேன். மைனரில் இதற்கு நேரம் கிடையாது, அங்கே ஒரு பதில் போதும். அதே போல, 1917-ல் வந்த கருணாமிர்த சாகரத்தில் ஆபிரகாம் பண்டிதர் ஒரு ஸ்தாயிக்கு 22 சுருதி என்ற கணக்கை மறுத்து 24 என்று வாதிடுவதைப் படித்தபோது, அந்த 14 செண்ட் ஞாபகம் வந்து, பக்கங்களின் ஓரத்தில் வைக்கத் துண்டுக் காகிதம் தேடினேன். விட்ட இயற்பியல் இப்படி அடிக்கடி பின்வாசல் வழியாக வந்துகொண்டிருந்தது.

கிரகபேதம், அதாவது அதே சுரங்களில் ஸட்ஜத்தை மட்டும் மாற்றி வேறு ராகம் எடுப்பது, எல்லாருக்கும் பிடித்த விளையாட்டு. கீபோர்டைத் திட்டிவிட்டேன், இதற்கு மட்டும் அது நல்ல நண்பன். கறுப்புக் கட்டைகள் ஐந்தை மட்டும் வாசியுங்கள். 'எஃப் ஷார்ப்'பை ஸட்ஜமாக வைத்தால் மோகனம். அடுத்த கறுப்புக் கட்டையை ஸட்ஜமாக்கினால் மத்யமாவதி, அதற்கடுத்தது இந்தோளம், அதற்கடுத்தது சுத்த சாவேரி, கடைசியில் சுத்த தன்யாசி. ஐந்தே சுரம், ஐந்து ராகம். வீட்டில் செய்து பாருங்கள்.

இனி, மேஜர் எடுத்ததால் இழந்தது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இரண்டாம் ஆண்டிலிருந்து என்னால் கச்சேரி கேட்க முடியவில்லை. கை தானாகத் தொடையில் தாளம் போடும், மனம் சங்கதியைச் சுரமாக எழுதும், பாடகர் நிரவலுக்கு (ஒரு வரியை விரித்து விரித்துப் பாடுவதற்கு) எந்த வரியை எடுத்தார், ஏன் அங்கே எடுத்தார் என்று ஒரு மேற்பார்வையாளர் உள்ளே உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டேயிருப்பார். பாட்டு நன்றாக இருந்ததா என்று கேட்டால் பதில் தெரியாது. ஏறக்குறைய ஒன்றரை வருஷம் இப்படி. தப்பித்தது எப்படியென்றால், எனக்கு இலக்கணம் தெரியாத இசையாகத் தேடிக் கேட்டேன்: மேற்கத்திய நால்வர் தந்தி இசை, பறை, தூரதேசத்துப் பாட்டுகள். உள்ளே இருந்த மேற்பார்வையாளருக்கு அங்கே வேலை இல்லாததால் தூங்கிப்போனார். மேஜர் எடுப்பவர்கள் முதல் வருஷத்திலிருந்தே பாடத்திட்டத்துக்குச் சம்பந்தமில்லாத இசைக்கு வாரத்தில் ஒரு மணி நேரமாவது ஒதுக்கிவையுங்கள்.

தொண்டையைப் பற்றியும் சொல்லவேண்டும், என் முட்டாள்தனத்தை மறைக்காமல். இரண்டாம் ஆண்டு செய்முறைத் தேர்வுக்கு முன் ஒரு வாரம், தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் உரத்த குரலில் பாடினேன். மூன்றாம் காலத்தில் பைரவி அட தாள வர்ணம், திரும்பத் திரும்ப. நான்காம் நாள் குரலில் கரகரப்பு. வெந்நீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். ஐந்தாம் நாள் மேல் ஸ்தாயி இல்லை. ஆறாம் நாள் பேச்சே இல்லை. ரகசியக் குரலில் பேசிச் சமாளித்தேன், அதுவும் தவறு. கிசுகிசுப்பதும் குரல் நாளத்துக்குச் சிரமம்தான் என்று மருத்துவர் கண்டித்தார். பேசாமல் இருப்பது ஒன்றே மருந்து. தேர்வைத் தள்ளிவைத்து எழுதினேன். அன்றிலிருந்து ஒரு தடவைக்கு நாற்பது நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து பாடுவதில்லை. பாடாத நேரத்துச் சாதகம் ஒன்று இருக்கிறது: தாளம் போட்டுக்கொண்டு வாயை மூடி மனத்துக்குள்ளேயே முழு கிருதியையும் பாடுவது. எங்கே மறக்கிறது, எங்கே ஓடுகிறது என்பது குரல் இல்லாதபோதுதான் நன்றாகத் தெரிகிறது. பேச்சில்லாத அந்தப் பத்து நாளில் நான் சரிசெய்த இடங்கள், ஆறு மணி நேரச் சாதகத்தில் சரியாகாதவை.

மேடை நடுக்கத்துக்கு என் சொந்த வைத்தியம் ஒன்று உண்டு. இரண்டு மாடி ஏறி ஓடிவந்து, மூச்சு வாங்க, நெஞ்சு படபடக்க, உடனே தம்பூராவைப் போட்டு வர்ணத்தை ஆரம்பிப்பேன். மேடையில் உடம்பு செய்வதும் இதைத்தான். பத்து தடவை செய்தால் அந்தப் படபடப்பு பழகிய விருந்தாளியாகிவிடும்.

என் அறைத்தோழி வணிகவியல் மேஜர். மைனர் மிருதங்கம். "நான் மைனர்டி" என்று இல்லாத மீசையை முறுக்கிக்கொண்டு, கழுத்தில் இல்லாத சங்கிலியைத் தடவிக் காட்டுவாள். எங்கள் இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்விக்கே வேறு முகம் தெரியும். அவள் தினமும் காலையில் ஒரு மணி நேரம் வாசிப்பாள், அவ்வளவுதான். ஆனால் விட்ட நாள் கிடையாது. தேர்வுக்கு முந்தைய நாள் வாசிப்பாள், காய்ச்சலிலும் உதட்டால் மிருதங்கச் சொற்கட்டுச் சொல்வாள். எனக்குக் கல்லூரி முழுக்க இசையாக இருந்ததால், "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போட்ட நாட்கள் ஏராளம். வகுப்பில்தான் பாடிவிட்டோமே என்ற சோம்பல். வகுப்பில் பாடுவது சாதகம் ஆகாது, அங்கே நாம் அடுத்தவர் குரலில் ஒளிந்துகொள்கிறோம். மூன்றாம் ஆண்டு முடிவில் அவள் எனக்குப் பக்கவாத்தியம் வாசித்தபோது மிஸ்ர சாபு தாளத்தில் தடுமாறியது நான்தான். அவள் கை அசையவில்லை.

கணக்கை அவளிடம்தான் கற்றேன். ஐந்து மாத்திரைச் சொற்கட்டு மூன்று தடவை, நடுவில் இரண்டிரண்டு மாத்திரை இடைவெளி இரண்டு: மொத்தம் 19. ஆதி தாளம் ஓர் ஆவர்த்தனத்துக்கு (ஒரு சுற்றுக்கு) 32. ஆக 13 மாத்திரை விட்டு ஆரம்பித்தால் சமத்தில் (அடுத்த சுற்றின் முதல் தட்டில்) வந்து விழும். காகிதத்தில் இதை நொடியில் போட்டுவிடுவேன், இயற்பியல்காரி அல்லவா. பாடும்போது 13 எங்கே இருக்கிறது என்று தேடினால் தாளம் போய்விடும். "எண்ணாதடி, அந்த எடம் எப்பிடி இருக்குன்னு ஞாபகம் வெச்சுக்க" என்றாள். மூன்றாவது விரல் எண்ணிக்கைக்குப் பிறகு ஒரு சின்ன மூச்சு, அவ்வளவுதான் என்று பழகியதும் வந்தது.

எனவே என்னிடம் கேட்கும் பிள்ளைகளிடம் நான் முதலில் விசாரிப்பது இதுதான்: யாரும் சொல்லாமல் தினமும் எவ்வளவு நேரம் உட்காருகிறாய்? தினமும் ஒரு மணி நேரம் தானாக உட்காருகிறவருக்கு மைனர் ஒரு குறையும் வைக்காது. மேஜர் வேண்டியது இரண்டு வகையினருக்கு. ஒன்று, சொல்லிக்கொடுப்பது, ஆராய்ச்சி, வானொலி, ஒலிப்பதிவு, ஆவணக்காப்பு என்று இசையைச் சுற்றியே பிழைக்க நினைப்பவர்கள். இவற்றில் பலவற்றுக்கு அந்தத் துறையில் பட்டம் கேட்பார்கள். இன்னொன்று, ஒரே கேள்வியை இரண்டு வருஷம் மென்றுகொண்டிருக்கத் தயங்காதவர்கள். மேடைப் பாடகராகவேண்டும் என்பது மட்டுமே ஆசை என்றால் பட்டம் அதற்குச் சீட்டு இல்லை. எங்கள் வகுப்பில் பன்னிரண்டு பேர், தொடர்ந்து மேடையில் பாடுகிறவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் தோற்றவர்கள் இல்லை. ஒருத்தி குரல் பயிற்சியாளர், ஒருவன் படங்களுக்கு ஒலித் தொகுப்பு, மூன்று பேர் பள்ளி ஆசிரியர்கள். பள்ளி வேலைக்கு ஆசிரியர் பயிற்சித் தகுதியைத் தனியாகக் கேட்கும் இடங்கள் உண்டு என்பதைச் சேரும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள், பட்டம் வாங்கிய பிறகு இல்லை. நான் காலையில் சொல்லிக்கொடுக்கிறேன், மதியம் பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றும் வேலை. நாடா ஓடும் வேகம் சற்று மாறியிருந்தால் பாடகரின் கட்டையே மாறிவிடும். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதில் என் இயற்பியல் வருஷம் சம்பளம் வாங்குகிறது.

மைனராகச் சேர்ந்து பிறகு மாற நினைப்பவர்கள் ஒன்றை எழுத்தில் வாங்கிவையுங்கள்: மைனரில் முடித்த தாள்கள் மேஜரில் கணக்கில் வருமா என்று. எனக்கு "பாத்துக்கலாம்" என்று வாயால் சொன்னார்கள். வந்து சேர்ந்தபின் எதுவும் கணக்கில் வரவில்லை. அதே 35 தாளத்தை இரண்டாம் முறையும் எழுதினேன்.

தேவகாந்தாரி வந்ததா என்று கேட்கத் தோன்றும். மூன்றாம் ஆண்டில் வந்தது. ஆரபியை மெதுவாக்கிப் பார்த்து, அதில் கமகத்தை ஒட்டவைத்துப் பார்த்து, எதுவும் நடக்காமல், சாரிடம் போய் நின்றேன். ஒரு மாதம் ஆரபி பாடக்கூடாது, கேட்கவும் கூடாது என்றார். தேவகாந்தாரியில் ஒரே ஒரு கிருதியை எடுத்து, தினமும் முதல் வரி மட்டும். இருபது நாளில் அந்த வரியே என்னை எங்கே நிற்கவேண்டும் என்று இழுக்க ஆரம்பித்தது. பிறகு ஆரபிக்குத் திரும்பினால் அது புது ராகம் மாதிரி இருந்தது. சேர்த்துவைத்து ஒப்பிட்டுப் படிப்பது எழுத்துத் தேர்வுக்குச் சரி. பாட, ஒன்றோடு தனியாகக் குடியிருக்கவேண்டும். ஜோடி ராகங்களில் குழம்பும் மாணவர்களுக்கு இப்போதும் இந்த ஒரு மாத விரதத்தைத்தான் கொடுக்கிறேன். தர்பார், நாயகி ராகங்களுக்கும் வேலை செய்கிறது.

மைனர் தோழியும் நானும் ஞாயிறு தோறும் சேர்ந்து உட்காருகிறோம். அவள் தணிக்கை அலுவலகத்திலிருந்து வருகிறாள், நான் ஒலிநாடாக்களிலிருந்து. போன ஞாயிறு கண்ட சாபு தாளத்தில் ஒரு கோர்வை (கணக்குப் போட்டு முடிக்கும் பகுதி) ஒரு மாத்திரை இடித்தது. அவள் என் சுரத்தில்தான் தப்பு என்கிறாள், நான் அவள் இடைவெளியில்தான் என்கிறேன். பதிவு செய்து வைத்திருக்கிறோம், இன்னும் யாரும் கேட்டுப் பார்க்கவில்லை.